ஆட்டு நிர்ப்பீடனக் கருவிகள்: உடையார்கட்டிலிருந்து ஒரு சிற்றாராய்ச்சி

ஆட்டின் நிர்ப்பீடனத்தை ஆராய விரும்புவோருக்கு முதலில் வேண்டியது கழுதை. இது வசையல்ல, முறையியல். ஆட்டுப் பிறபொருளெதிரியை அடையாளம் காண ஆய்வுகூடங்கள் வாங்கும் குப்பிகளில் பல, கழுதைக்கு ஊசி ஏற்றி அதன் குருதியிலிருந்து பிரித்தவை. மன்னார்ப் பட்டினத்து வீதியில் படுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வழிவிடாத கழுதைகளுக்கு இந்தத் தகைமை தெரியாது. தெரிந்தால் இன்னும் எழும்பா.

ஆட்டின் நிலை அதைவிட விசித்திரம். எலி, முயல், மனிதர், யாருடைய புரதத்தை ஏற்றினாலும் அதற்கு எதிரி உண்டாக்கித் தரும். அதை உலகமெல்லாம் விற்கிறார்கள். ஆனால் ஆட்டின் சொந்த வெண்குருதிக் கலங்களை இனம்பிரிக்கக் கருவி கேட்டால் அலுமாரியில் அரைத்தட்டும் நிரம்பாது. மாட்டுக்கும் செம்மறிக்கும் செய்ததைப் போட்டுப் பார்க்கிறார்கள். இனசனம் என்பதால் சிலது ஒட்டும். பிரித்தானியாவின் ரொஸ்லின், பேர்பிரைட் நிறுவனங்கள் கால்நடைகளுக்கென்றே ஒரு கருவிப்பெட்டி சேர்ப்பது இந்தக் குறையால்தான்.

மரபணு வாசிப்பிலும் இதே தொல்லை. நிர்ப்பீடன மரபணுக்கள் ஒன்றையொன்று உரித்து வைத்தவை. துண்டு துண்டாக வாசித்தால் எது எங்கே என்று தெரியாது. 2017இல் ஓர் அமெரிக்கக் கிடாயின் மரபணுத்தொகுதியை நீளநீளமாக வாசித்து ஒழுங்காகப் பொருத்தினார்கள். அந்தக் கிடாயின் பெயர் பப்படம். நொறுங்காமல் ஒப்பேறிய பப்படம் என்று இதைக் குறித்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரான உடையார்கட்டில் கருவி பெருவிரல். பக்கத்து வளவு மாமி மறியின் கீழிமையை இழுத்து உள்நிறம் பார்ப்பார். "உந்த இமையைப் பாருங்கோ தம்பி, சுண்ணாம்பு மாதிரி." இரைப்பையில் இரத்தம் குடிக்கும் புழு என்று அர்த்தம். தென்னாபிரிக்காவில் இதற்கே ஐந்து நிற அட்டை அச்சடித்து, பமாச்சா என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அதே புல்லைத் தின்றும் இமை சிவந்து நிற்கும் மறியின் குட்டியை மாமி விற்கமாட்டார். பேராசிரியர்கள் இதைத் தெரிவு இனவிருத்தி என்பார்கள். மாமி "அது நல்ல சாதி" என்பார்.

மாமியின் பெருவிரலுக்கு எட்டாததும் உண்டு. மாட்டின் வயிற்றறையில் சும்மா கிடக்கும் செற்றாரியாப் புழுவின் குடம்பியை நுளம்பு ஆட்டுக்குக் கொண்டுவரும். அது வழிதவறி முண்ணாணுக்குள் போனால் பின்கால் இழுபடும். இமையில் ஒன்றும் தெரியாது. ஆகவே பொழுதுபட்டதும் கொட்டிலடியில் வேப்பங்குழைப் புகை. நேற்று மாமியும் இருமினார், மறியும் இருமியது. நுளம்புகள் இருமியதாகத் தகவல் இல்லை.