கால் ஒடிந்த கோழியியல்: ஒரு தொடக்க ஆய்வு

தமிழில் கோழியைப் பற்றிய எழுத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி சின்ன வெங்காயத்தை வதக்குவதில் தொடங்கி மல்லித்தழை தூவுவதில் முடிந்துவிடுகிறது. கோழி உயிரோடு நடந்து திரிந்த காலத்தைப் பற்றியோ, அந்த நடை ஒருநாள் நொண்டியானால் என்ன செய்வது என்பது பற்றியோ நம் அறிஞர்கள் கருத்துச் செலுத்தியதாகத் தெரியவில்லை. அக்குறை தீர்க்க இயற்றப்பட்டதே பின்வரும் நூற்பா.

ஒடிந்தகால் கோழி ஒதுங்கியே ஆறும்.

என்பது என்னுதலிற்றோ எனின், அடிபட்ட கோழிக்குச் செய்யத்தக்கது உணர்த்துதல் நுதலிற்று. 'ஒடிந்த' என்றமையால் சுளுக்கும் வீக்கமும் முள் தைத்தலும் உடன்கொள்க. 'கோழி' என்றது வீட்டில் வளரும் நாட்டுக்கோழியை. 'ஒதுங்கியே' என்பதன் ஏகாரம் தேற்றம். பஞ்சாரத்துக்குள் தனித்து என்பது பொருள். 'ஆறும்' என்றாரேயன்றி 'ஆற்றுக' என்னாமையின், வேலையை எலும்பே பார்த்துக்கொள்ளும், நாம் கெடுக்காமலிருந்தால் போதும் என்பது பெறப்படும்.

அடிபடும் வகைகளைப் பொறுத்தவரை, கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்ற பழமொழியே நமக்குக் கிடைக்கும் முன்னாய்வு. அது கோழி மிதிப்பதற்கு மட்டுமே உத்தரவாதம் தருகிறது. மாடு மிதிப்பது, பால்காரர் வண்டி ஏறுவது, முருங்கைக் கிளையிலிருந்து தப்பாகக் குதிப்பது, தையல் நூலோ தலைமுடியோ காலில் சுற்றி இறுகுவது எல்லாம் அதன் வரம்புக்கு வெளியே. கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தோன்றும். விட்டுவிட்டால் விரலே போய்விடும். நொண்டும் கோழியைப் பிடித்ததும் முதலில் தேடவேண்டியது நூலைத்தான்.

பிடித்த சற்று நேரத்தில் தெரு கூடும். கூடியவர்களில் ஒருவராவது, "முட்டி பின்பக்கமா மடங்குதே, சுத்தமா போச்சு" என்பார். அது முட்டியல்ல, கணுக்கால். உண்மையான முழங்கால் உடம்பையொட்டி இறகுக்குள் ஒளிந்திருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்பக்கம் பார்த்து. நாம் கால் என்று நினைக்கும் செதில் மூடிய குச்சி, பாதத்து எலும்புகள் ஒன்றாய் ஒட்டி நீண்டது. அதாவது கோழி ஆயுள் முழுக்கக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரல்களால் நடக்கிறது. அத்தனை ஒயிலான உயிருக்கு ஒரு கால் போவது எத்தகைய மானக்கேடு என்பதை வாசகர் உய்த்துணர்க.

நொண்டுவதெல்லாம் முறிவல்ல. உள்ளங்காலில் கறுத்த பொருக்கு இருந்தால் சீழ்க்கட்டி. ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக் கிடந்தால், ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907-இல் விவரித்த மாரெக் நோயாக இருக்கலாம். கழுத்துத் திருகலும் கழிச்சலும் சேர்ந்தால் வெள்ளைக்கழிச்சலைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு கோழி நொண்டினால் பெரும்பாலும் விபத்து. அடுத்தடுத்து நொண்டினால் நோய்.

இவ்விடத்தில் ஒரு கோழி வரலாற்றைச் சொல்லாமல் நகர முடியாது. 1890-ஐ ஒட்டி ஜாவாவின் பட்டேவியாவில், கிறிஸ்டியான் ஐக்மான் என்ற டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழத் தொடங்கின. பிறகு, ஏனென்றே தெரியாமல் எழுந்து நடந்தன. துப்பு சமையலறையில் கிடைத்தது. படைத்துறை மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் இடையில் அவற்றுக்குத் தீனியாக இருந்தது. புதிதாக வந்த சமையல்காரரோ, படைவீரர் சோற்றை ராணுவத்தில் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, கால்களும் திரும்பின. தவிட்டில் இருந்த அந்தப் பொருளையே இன்று தயமின் என்கிறோம். ஐக்மானுக்கு 1929-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, சமையல்காரருக்கு ஒன்றுமில்லை. அலுவலகக் கெடுபிடியால் அறிவியல் வளர்ந்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. ஆகவே நோயாளிக்கு வெறும் வெள்ளைச் சோற்றைப் போடாமல் கம்பும் தவிடும் கலந்து கொடுக்க.

முறிவு செதில் காலில் என்றால் பத்தை வைக்கலாம். பஞ்சு சுற்றி, ஐஸ் குச்சியோ மூங்கில் சிம்போ இருபுறமும் வைத்து, இறுக்காமல் துணி சுற்ற வேண்டும். விரல்கள் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுகிவிட்டது என்று பொருள். தொடையில் முறிந்தால் வீட்டுப் பத்தை நிற்காது. பத்தை கட்டிய கோழிக்குப் பஞ்சாரத்தின் தரையில் சாக்கு விரித்து, தண்ணீரும் தீனியும் எட்டும் தூரத்தில் இருந்தால், ஏறத்தாழ மூன்று வாரத்தில் எலும்பு கூடிவிடும். ஒரு முட்டையின் ஓட்டுக்கு மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. பெட்டை அதைத் தன் எலும்பிலிருந்தும் எடுப்பாள். அதனால் கிளிஞ்சல் தூளும் வேண்டும்.

இனிதான் சிகிச்சையின் கடினமான பகுதி. எலும்பு முறிந்த மனிதருக்கு நாட்டுக்கோழிச் சாறு கொடு என்பது நம் மரபு. நோயாளியே நாட்டுக்கோழியாக இருக்கையில் இந்த மரபு திசைமாறி நிற்கிறது. பார்க்க வருபவர்கள் நலம் விசாரிக்கும்போதே கண்ணால் எடை போடுகிறார்கள். "எதுக்குண்ணே அதப் போட்டுக் கஷ்டப்படுத்துறீங்க, ஞாயித்துக்கிழமை வருதுல்ல" என்பது இரக்கத்தின் மொழியில் சொல்லப்படும் குழம்புக் கோட்பாடு. இதற்கு எதிராக மஞ்சள் பற்றோ விளக்கெண்ணெயோ பலிக்காது. பலிக்கும் ஒரே முதலுதவி பெயர் வைப்பது. 'செவலை', 'கறுப்பி', 'கொண்டைக்காரி' எல்லாம் பெயராகா. அவை அடையாளங்கள், அடையாளமுள்ள கோழியை விருந்தாளி வந்தால் அறுக்கலாம். சரோஜாவை அறுக்க முடியாது. இன்னும் உறுதி வேண்டுவோர் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரையே வைக்கலாம். குடும்பத்தில் வரும் சச்சரவுக்கு இவ்வாய்வு பொறுப்பேற்காது.

குணமான கோழியைத் திரும்ப இறக்கிவிடுவதிலும் அரசியல் உண்டு. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை 1920-களில் எழுதிக்காட்டியவர் நார்வேயின் ஷெல்டெருப்-எப்பே. மூன்று வாரம் காணாமற்போன உறுப்பினரின் இடத்தை வேறொருத்தி பிடித்திருப்பாள்; திரும்பி வந்தவள் கடைசியிலிருந்து தொடங்க நேரலாம். பஞ்சாரத்தை மற்றவை பார்க்கும்படி முற்றத்திலேயே வைத்திருந்தால் பகை குறையும். காலில் புண்ணிருந்தால் ஆறும்வரை விடவே கூடாது. சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தாமல் இரா.

வாசகருக்கு ஒரு விண்ணப்பம். வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள மனித மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். தொடை முறிவோ, எலும்பு வெளியே தெரியும் காயமோ என்றால் கூடையில் வைத்துப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே சீட்டில் வெறும் 'கோழி' என்று எழுதினால், பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.