மருமோன் வண்டி கட்டுறார், பிரேக் எங்கை?

மருமோன், ஹரோவிலை உம்மடை வீட்டு முன்முற்றத்திலை ஒரு இரும்புச் சட்டம் நிக்குது. என்னெண்டு கேட்டால் "ஓஃப்-ரோட் ட்ரெயிலர், மாமா" எண்டுறீர். நல்லது. கவுன்சில் ரோட்டிலையே சில்லு இறங்குற கிடங்கு தாராளமாக் கிடக்கேக்க, சேத்துக்கும் மலைக்கும் எண்டு வண்டி கட்ட வெளிக்கிட்ட ஆள் எங்கடை பரம்பரையிலை நீர்தான் முதல். பெயின்ற் அடிச்சாச்சு, மேலை விரிக்கிற டென்ற் ஓடர் பண்ணியாச்சு, வட்ஸ்அப்பிலை படமும் போட்டாச்சு. பிரேக் மட்டும் "பிறகு பாப்பம்".

பிரேக்கைப் பாக்க முதல் தராசைப் பாரும். இந்த நாட்டிலை, பாரத்தோடை சேர்த்து 750 கிலோவுக்குள்ளை எண்டால் பிரேக் இல்லாமலே இழுக்கலாம். உம்மடை காரின்ரை எடையிலை பாதி அதிலும் குறைவெண்டால், அந்தப் பாதிதான் எல்லை. 750-ஐத் தாண்டுற வண்டிக்கு பிரேக் கட்டாயம். அந்த வண்டி வீட்டிலை கட்டினதெண்டால், வண்டிகளைச் சோதிக்கிற டி.வி.எஸ்.ஏ-காரரிட்டைக் கொண்டுபோய் ஐ.வி.ஏ சோதினையும் எடுக்கவேணும்.

"என்ரை லேசான வண்டி மாமா" எண்டுறீர். ஓமோம். மூண்டு மில்லிமீற்றர் இரும்பு போதுமான இடத்திலை ஆறு மில்லிமீற்றர் வைச்சு ஒட்டின ஆள் சொல்லுற கதை. 100 லீற்றர் தண்ணி டாங்க் எண்டால் தண்ணியே 100 கிலோ. பிறகு பற்றரி, பிரிட்ஜ், காஸ் சிலிண்டர், ஸ்பெயர் சில்லு. உம்மடை அம்மா ஒரு இரவுக்குத்தான் போறியள் எண்டாலும் குத்தரிசியும் உரலும் ஏத்திவிடுவா. அதை எந்தப் பட்டியலிலையும் நான் காணேல்லை.

லைசன்ஸைக் காட்டாதையும். 2021 டிசம்பர் 16-இலை இருந்து கார் லைசன்ஸ் வைச்சிருக்கிற எல்லாரும், தனிச் சோதினை இல்லாமல், 3,500 கிலோ ட்ரெயிலர் வரை இழுக்கலாம் எண்டு அரசாங்கம் விட்டிட்டுது. இறக்கம் விடாது.

சரி, பிரேக் வேணும் எண்டு வைப்பம். நீர் யூடியூப்பிலை அவுஸ்திரேலியாக்காரன்ரை எலெக்ட்ரிக் பிரேக்கைப் பாத்து மயங்கி நிக்கிறீர். அது கெட்டிக்கார சாமான்தான்: காரிலை இருந்தபடி ட்ரெயிலரை மட்டும் பிடிச்சு இறக்கலாம். ஆனால் அங்கையும் அமெரிக்காவிலையும் ஓடுற அந்த செட்டுகள் பெரும்பாலும் இஞ்சத்தைச் சட்டத்துக்கு ஒத்துவராது. கொண்டெயினரிலை இறக்குவிச்சு, காசைக் கரியாக்கி, பிறகு சோதினைக்காரன் தலையை ஆட்டேக்க என்னைக் கூப்பிடாதையும்.

இஞ்சை நடைமுறையிலை இருக்கிறது ஓவர்ரன் பிரேக். ஊரிலை தாத்தா வண்டில் ஓட்டேக்க, பாரம் பின்னாலை தள்ள மாடு காலை ஊண்டிப் பின்னுக்குச் சாயும். உது அதேதான். நீர் காரிலை பிரேக் பிடிக்க, ட்ரெயிலர் முன்னுக்கு வந்து இடிக்கும். கொளுவுற தண்டு உள்ளுக்குப் போகும். அது கேபிளை இழுத்து சில்லு ட்ரம்மைப் பிடிக்கும். காரிலை இருந்து வயரும் வேண்டாம், எண்ணெய்க் குழாயும் வேண்டாம்.

இனித்தான் உம்மடை சேத்துக் கதை. வேல்ஸ் மலையிலை முதல் கியரிலை நெடுக இறங்கேக்க, ட்ரெயிலர் விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், பிரேக்கும் விடாமல் உரஞ்சும். கீழை வந்தவுடனை ட்ரம்முக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாரும். சூடு சொல்லும், தொடாதையும். ரிவர்ஸ் எடுக்கேக்கயும் தண்டு உள்ளுக்குத்தான் போகும்; அதாலை 1989-க்குப் பிறகு செய்த ஓவர்ரன் ட்ரெயிலருக்கு ரிவர்ஸிலை தானா விடுற பிரேக் வேணும் எண்டு சட்டம். பழையதுகளிலை ஒவ்வொருக்காலும் இறங்கிப்போய் ஒரு கட்டையை மடக்கிவிட வேணும். புதுசு வசதிதான். ஆனால் ஏற முடியாமல் கார் பின்னுக்கு உருளேக்க அந்த பிரேக்கும் உமக்கு உதவாது. அதாலை ஹாண்ட்பிரேக்கை முழுசா இழுத்தாலும் சில்லுக்குக் கல்லு வையும். உது ஊர்க்காரன்ரை வித்தை, ஐ.எஸ்.ஓ முத்திரை இல்லை.

ஆத்தைக் கடந்தால் ட்ரம்முக்குள்ளை தண்ணியும் மண்ணும் போகும். வீட்டை வந்து காரைக் கழுவிப் படம் பிடிக்கிறதுக்கு முதல் ட்ரம்மைக் கழட்டித் துடையும், கேபிளைப் பாரும். தண்டிலை இருக்கிற ரப்பர் உறை கிழிஞ்சால் உள்ளுக்கு மண் அரைக்கும். ஆமிக்காரன்ரை பழைய சான்கி ட்ரெயிலரை இஞ்சத்தை லாண்ட்ரோவர்காரர் இன்னும் தேடி வாங்கினம்; ஏன் எண்டு அவையளிட்டைக் கேட்டுப்பாரும். ஒரு சாதாரண பந்துக் கொளுக்கி, வண்டி ஒரு பக்கம் சரியேக்க எவ்வளவு முறுக்குத் தாங்கும் எண்டும் கேளும்.

இன்னொண்டு. அச்சு ஒரு இடத்திலை, தண்டு ஈபேயிலை, ட்ரம் ஆரோ ஒருவற்றை கராச்சிலை எண்டு பொறுக்காதையும். ஆல்-கோ, க்னொட் மாதிரி ஆக்களிட்டை எடைக்குப் பொருந்தின அச்சும் தண்டும் ஒரே செட்டா வாங்கும். பாரத்துக்குப் பொருந்தாத தண்டு, ஒண்டில் சில்லை இறுக்கிப் பூட்டும், இல்லாட்டி உம்மடை டிக்கியை இடிக்கும். ட்ரெயிலர் கழண்டால் அதின்ரை ஹாண்ட்பிரேக்கை இழுக்கிற மெல்லிய கேபிளைக் காரிலை உறுதியா ஒரு இடத்திலை கொளுவும். போன கிழமை சப்பாத்து நூலாலை கட்டிப் பாத்தீராம். உம்மடை மனுசி எனக்குச் சொல்லிப்போட்டா.

முழுப் பாரத்தோடை எத்தினை கிலோ எண்டு எழுதிக் கொண்டுவாரும். வெல்டிங் மெசின் என்னட்டைத்தான் இருக்குது. கடுதாசி வந்தால்தான் மெசின் வரும்.