டேங்க் யார் பொறுப்பு?

மழை வந்தால் எங்கள் வாடகை வீட்டு செப்டிக் டேங்க் பொங்குகிறது. ஹவுஸ் ஓனரோ, 'பயன்படுத்துவது நீங்கள்தானே, லாரிக்கு நீங்களே காசு கொடுங்கள்' என்கிறார். நியாயமா?
– வாசகி, மேடவாக்கம்

நியாயம்தான், நீங்கள் பால் காய்ச்சிய அன்று டேங்க் காலியாக இருந்திருந்தால்! முன்பு குடியிருந்தவர்கள் அட்வான்ஸை மட்டும்தானே திரும்ப எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்? அடுத்த வீடு பார்க்கும்போது வாஸ்துவுக்கு முன், 'கடைசியாக டேங்க் எடுத்தது எப்போது?' என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும்: காசு யார் கொடுத்தாலும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும், ஆளை உள்ளே இறக்கக் கூடாது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கியவர் ஓனரா, குடித்தனக்காரரா என்று அந்தச் சட்டம் பார்ப்பதில்லை.