பிரிண்டர் வைத்தியர்

அடுக்ககம் என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு செயலாளர் இருப்பார், தண்ணீர் மோட்டாருக்குக் காவல் நிற்கும் ஒருவர் இருப்பார், ஒரு பிரிண்டர் வைத்தியரும் இருப்பார். முதல் இருவரையும் பொதுக்குழு கூட்டிக் கெஞ்சித்தான் பிடிக்க வேண்டும். வைத்தியர் தாமாகவே வருவார். யார் வீட்டிலாவது பிரிண்டர் ‘க்ர்ர்ர்... டக்’ என்று இரண்டு தடவை முனகினால் போதும், மூன்றாவது ‘டக்’ வாசல் கதவில் கேட்கும்.

அறுபதைத் தாண்டிய வயது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர். தோளில் துடைப்பதற்கென்று ஒரு பழைய பனியன் துணி. ஏதோ ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளியவர். டன் கணக்கில் இரும்பு உருளைகளை அடக்கி ஆண்டவருக்கு இந்தப் பிளாஸ்டிக் பெட்டி எம்மாத்திரம்? உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிக்கொண்டே, “கொஞ்சம் தள்ளுங்க சார்” என்பார். தள்ளித்தான் ஆக வேண்டும். அதன்பிறகு அந்த வீட்டில் வீட்டுக்காரருக்கு உள்ள வேலை டார்ச் அடிப்பது மட்டுமே.

அவர் சாஸ்திரப்படி நோய் உடம்பில்தான் இருக்கும். உருளையில், பல்சக்கரத்தில், இங்க் குழாயில், ஒயரில். கணினித் திரையில் தோன்றும் எழுத்தெல்லாம் நோயாளியின் புலம்பல். கெட்டிக்கார வைத்தியர் அதைக் காதில் போட்டுக்கொள்வாரா? பெட்டி ஏதாவது கேட்டால், நாம் முதல் வார்த்தையைப் படிப்பதற்குள் ‘ஓகே’யை அமுக்கிவிடுவார். “அது அப்படித்தான் சார், எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கும்.”

எங்கள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் அவர் சிக்கியதை, அதாவது தலைமையாசிரியர் அவரிடம் சிக்கியதை, நான் முழுசாகப் பார்த்தேன். வருமான வரிக் கணக்குக்காக வங்கி ஸ்டேட்மெண்டை அச்சடித்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் கடைசி இரண்டு வரிகளைக் காணோம். வேறு யாராவது என்றால் கவனித்திருக்கவே மாட்டார்கள். இவர் கணக்கு வாத்தியார். கூட்டிப் பார்த்துவிட்டார். “மார்ச் மாசம் எனக்கு பென்ஷனே வரலை” என்று பெருக்கல் வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன பையனைப் பார்ப்பதுபோல் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வைத்தியர் தாளை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“பேங்க்ல பணம் இருக்குல்ல சார்?”

“இருக்கு.”

“அப்ப பிரிண்டர்தான்.”

முதலில் பழி பேப்பர்மேல் விழுந்தது. “எழுபத்தஞ்சு ஜிஎஸ்எம் வாங்கியிருக்கீங்க. எண்பது போட்டாத்தான் உருளை பிடிக்கும்.” ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை; ஏ4 தாள் அதில் பதினாறில் ஒரு பங்கு, 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 5 கிராம், 75 என்றால் 4.7 கிராம். இந்த 0.3 கிராமில்தான் சாரின் பென்ஷன் காணாமல் போயிற்று என்பது அவர் கண்டுபிடிப்பு. எண்பது வந்தது. பென்ஷன் வரவில்லை.

அடுத்தது பேதி மருந்து. ஹெட் கிளீனிங் என்று அதற்குப் பெயர். அச்சு மங்கினாலோ கோடு கோடாக விழுந்தாலோ செய்ய வேண்டியது அது; எழுத்து வெட்டுப்படுவதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்தப் பொத்தானை அமுக்கினால் உள்ளே பலவிதமான சத்தங்கள் கேட்கும், வைத்தியர் முகத்தில் ஓர் அமைதி பரவும். துளைகளை அலசுவதற்காக உறிஞ்சப்படும் இங்க் நேராக இயந்திரத்துக்குள் இருக்கும் பஞ்சுக்குப் போகிறது. இங்க் பாட்டில் வாங்கியவர் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

திரையில் வைத்தியர் நம்பும் வார்த்தை ஒன்றே ஒன்று உண்டு: பார்டர்லெஸ். தாளைச் சுற்றி சில மில்லிமீட்டர் வெள்ளை விளிம்பு விடுவது கம்பெனிக்காரன் செய்யும் சதி என்பது அவர் கொள்கை. தாளை உருளைகள் பிடித்து இழுக்க வேண்டும், முனை வரும்போது பிடி நழுவும், அதனால்தான் அந்த விளிம்பு என்றெல்லாம் அவரிடம் வாதாட முடியாது. பார்டர்லெஸ் போட்டார். ஓரத்தில் வெள்ளை தெரியாமல் இருப்பதற்காக அது பக்கத்தையே கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி, தாளுக்கு வெளியேயும் சேர்த்து அடிக்கும். அடியில் இரண்டு வரி போனது போக, வலது ஓரத்தில் பைசாக்களும் போயின.

“இடம் பத்தலை” என்றார் வைத்தியர். இரண்டாம் மாடி வக்கீல் குமாஸ்தா வீட்டில் லீகல் பேப்பர் கட்டுக் கட்டாகத் தேங்கிக் கிடந்தது. 2020 ஏப்ரலிலிருந்து உச்ச நீதிமன்றமே ஏ4க்கு மாறிவிட்டதால் அவருக்கும் அதைத் தள்ளிவிட்டால் போதும் என்றிருந்தது. 14 அங்குல நீளத் தாள் தட்டில் ஏறியது. எழுத்து பழைய இடத்திலேயே வெட்டுப்பட்டு நின்றது. அதற்குக் கீழே மூன்று அங்குலம் பளிச்சென்று வெள்ளை. தலைமையாசிரியர் அந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்தார்.

இனி டிரைவரைக் கழற்றிப் போடுவதுதான் பாக்கி. போட்டார்கள். எல்லாம் முடிந்து கணினி ஒருமுறை அணைந்து எழுந்தது. அதே இடத்தில் அதே வெட்டு.

“லேப்டாப்ல ஏதாவது இருக்குமோ?” என்று நான் மெல்லக் கேட்டேன். வைத்தியர் என்னை இரக்கத்துடன் பார்த்தார். “இது அமெரிக்கா லேப்டாப் சார். பையன் நியூ ஜெர்சியில இருந்து கொண்டுவந்தது. அதுல தப்பு வராது.”

வினையே அதில்தான். ஜெர்மனியில் 1922ல் தரப்படுத்தி, இன்று கிட்டத்தட்ட உலகமே பயன்படுத்தும் ஏ4, 210க்கு 297 மில்லிமீட்டர். அமெரிக்காவும் கனடாவும் அதற்கு மசியாமல் எட்டரைக்குப் பதினொன்று அங்குலத்திலேயே இருக்கின்றன. அது ஏ4ஐ விட 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. அந்த ஊரில் பிறந்த கணினிக்கு, தாள் என்றாலே ‘லெட்டர்’ என்னும் அந்தக் குட்டைத் தாள்தான். தட்டில் ஏ4 இருந்தாலும் அது 279 மில்லிமீட்டரில் பக்கத்தை முடித்துக்கொள்ளும். ‘ஃபிட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டிருந்தால் எழுத்து சற்றுச் சிறுத்தாவது எல்லா வரியும் வந்திருக்கும். டிரைவரைக் கழற்றி மாட்டினாலோ, கணினி தன் பிறந்த ஊரை நினைத்துப் பார்த்து மறுபடியும் குட்டைத் தாளையே எழுதி வைக்கும். வைத்தியரின் கடைசி மருந்து நோயைப் புதிதாக ஊட்டியது.

தலைமையாசிரியரின் மனைவி தாலுகா ஆபீஸில் வேலை பார்த்தவர். எந்தப் படிவத்தையும் தலை முதல் கால் வரை படிக்காமல் நகர்த்தாதவர். காபி டம்ளரை எடுக்க வந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரையைப் படித்தார்.

“ஏங்க, பேப்பர் சைஸ்னு கேட்டு ‘லெட்டர்’னு போட்டிருக்கு. நாம லெட்டரா போடறோம்? ஸ்டேட்மெண்ட்தானே?”

“அதெல்லாம் சும்மா பேருக்கும்மா” என்றார் வைத்தியர்.

அம்மா அம்புக்குறியை அழுத்தினார். பட்டியல் விரிந்தது. அதில் நிஜமாகவே ‘ஸ்டேட்மெண்ட்’ என்று ஒன்று இருந்தது! அதுவும் அமெரிக்கத் தாள்தான், லெட்டரில் பாதி என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வெற்றியோடு அமுக்கினார். தாளில் பாதிக்கும் குறைவாக அச்சாகி, மார்ச் மட்டுமில்லை, வருஷத்துக்கே பென்ஷன் இல்லை என்று ஆனது. வைத்தியர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

தலைமையாசிரியர் டார்ச்சைக் கீழே வைத்தார். பேப்பர் கட்டின் உறையை எடுத்து, வினாத்தாளைப் படிப்பதுபோல் படித்தார். அதில் பெரிய எழுத்தில் ஏ4 என்றிருந்தது. பட்டியலில் ஏ4 எங்கே என்று தேடி, தாமே அமுக்கினார். பார்டர்லெஸ்ஸை எடுத்துவிட்டார்.

தாள் வந்தது. கடைசி வரி வரைக்கும் இருந்தது. மார்ச் பென்ஷன் பத்திரமாக அடியில் உட்கார்ந்திருந்தது. பென்சிலால் கூட்டிப் பார்த்து, ஓரத்தில் சரிக்குறியும் போட்டார்.

வைத்தியர் தாளை வாங்கி மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார், உருளையை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். “இப்போ வந்துடுச்சு. மழைக்காலம் வரட்டும், பார்க்கலாம்” என்றார். பின்பக்கம் காலியாக இருந்த தாள்களையெல்லாம் பால் கணக்குக்காக அடுக்கி எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது விஷயத்தை அவர் தமக்கென்று ஒருவழியாகப் புரிந்துகொண்டது தெரிந்தது.

“அமெரிக்கா லேப்டாப்புக்கு நம்ம ஊரு பேப்பர் ஒத்துக்கலை, அவ்வளவுதான் சார். பையன் அடுத்த தடவை வரும்போது ரெண்டு கட்டு அங்கிருந்தே வாங்கிட்டு வரச் சொல்லிடுங்க.”