பார் பார், நல்லாப் பார்!

பெருமதிப்புக்குரிய பள்ளித் தாளாளர் அவர்களின் திருச்சமூகத்துக்கு,

நாலாம் வகுப்பு ‘சி’ பிரிவு மாணவி ஒருத்தியின் தாயார் தெண்டனிட்டு எழுதிக்கொள்வது. பொருள்: நீல நிறத் தண்ணீர் பாட்டில்.

போன திங்கட்கிழமை என் மகளின் பாட்டில் தங்கள் வளாகத்தில் தொலைந்தது. மறுநாள் இரவு, குக்கரில் மூணாவது விசில் வருவதற்குள் அவள் டைரியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். தமிழில் எழுதினால் டைரி அப்படியே திரும்பி வரும் என்பது தங்கள் பெற்றோர் எல்லாரும் பட்டுத் தெரிந்துகொண்டதுதானே. ‘மை டாட்டர் ஈஸ் சர்ச்சிங் ஹெர் பாட்டில். கைண்ட்லி சர்ச் தி பாட்டில் அண்ட் கிவ்.’

புதன்கிழமை டைரி வந்தது, பாட்டில் வரவில்லை. ‘சர்ச்’ வந்த இரண்டு இடத்தையும் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘லுக் ஃபார்’ எழுதியிருந்தது. ‘கிவ்’ பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஓரத்தில், ‘பேரண்ட் மஸ்ட் இம்ப்ரூவ்’. இதோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இம்ப்ரூவ் ஆகியிருப்பேன். ஆனால் மிஸ் அதை வகுப்பில் வாசித்தும் காட்டியிருக்கிறார்கள், இப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணமாக.

தாங்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை நான் இப்போது மனப்பாடமே செய்துவிட்டேன். லுக் என்றால் பார். ஃபார் என்றால்? எங்கள் தெருவில் ஆய்த எழுத்துக்கு அவ்வளவு புழக்கம் இல்லை, அதுவும் பார்தான். ஆக, ‘லுக் ஃபார்’ என்றால் பார் பார். ஒரு தடவை பார்த்தால் கிடைக்காது, இரண்டு தடவை பார்க்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறான்!

‘சர்ச் தி பாட்டில்’ என்றால் பாட்டிலுக்குள்ளே கையை விட்டுத் துழாவுவது என்றும் மிஸ் விளக்கினார்களாம். வாஸ்தவம். போலீஸ் ஒருவரை ‘சர்ச்’ செய்தால் அவர் சட்டைப் பையைத் தடவுகிறார்கள். ‘சர்ச் ஃபார்’ செய்தால் ஆள் ஓடிவிட்டான். நடுவில் ஒரு பார் விழுந்ததில் கைதி தப்பித்துவிடுகிறான். தமிழில் இந்த வசதி பெயர்ச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. பாட்டிலைத் தேடு, பாட்டிலில் தேடு. ‘ஐ’ போட்டால் பொருள், ‘இல்’ போட்டால் இடம். அந்தத் தைரியத்தில்தான் ‘சர்ச்’சையும் அப்படியே ஓட்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும். தவிர, அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குச் சுற்றி வருவது என்று பொருள். நான் வீட்டைச் சுற்றி வந்தது மூன்று முறை, தங்கள் சைக்கிள் ஷெட்டைச் சுற்றி வந்தது ஒரு முறை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று தாங்கள் புருவம் உயர்த்தலாம். பேசத்தான் வராது, படித்தால் புரியும். நான் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். (பாருங்கள், என் பிழைப்பிலும் ஒரு பார்.) போன வருடம் ஆங்கில இலக்கணக் கையேடு ஒன்று என் மேஜைக்கு வந்தது. வினையோடு ஒரு துண்டுச் சொல் ஒட்டிக்கொண்டு அர்த்தத்தையே மாற்றிவிடும் இந்த ரகம்தான் அயலாருக்குப் பெரிய தொல்லை என்று சாமுவேல் ஜான்சனே 1755-இல் தன் அகராதி முன்னுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறாராம். ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் தன் புத்தகத்தில் எழுதியது 1925-இல். பெயரை யோசித்துக் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. ஆக, ஜான்சன் பார்த்து பயந்ததற்குப் பெயர் வைக்கவே அவர்களுக்கு 170 வருடம் ஆகியிருக்கிறது. எனக்கு மூணு விசில் நேரம்.

எங்களிடமும் இந்த வியாதி உண்டு, மறைப்பானேன். வேலை பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், பெண் பார்க்கிறோம், சாம்பாரில் உப்புப் பார்க்கிறோம். இதில் கண்ணுக்கு எவ்வளவு வேலை? ஆனால் யாராவது தப்பாகச் சொன்னால் சிரித்துவிட்டுச் சரக்கை எடுத்துக் கொடுப்போம். எல்.கே.ஜி.யில் என் மகள் முதல் வாரம் அழுதபோது தங்கள் ஆயாம்மாதான் போன் செய்தார்கள்: ‘பாப்பா உங்களைத் தேடுதுங்க.’ என்னைத் தேடுகிறாளா, எனக்குள்ளே தேடுகிறாளா என்று நான் கேட்கவில்லை. ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

அந்தப் பாப்பா புதன்கிழமை சாயங்காலம் பையை இறக்காமலே சொன்னாள்: “அம்மா, இனிமே டைரியில அப்பா எழுதட்டும்.” ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன் அம்மாவின் கையெழுத்தைப் பார்த்து வெட்கப்படக் கற்றுக்கொடுக்க எந்தக் கணக்கில் ஃபீஸ் வாங்குகிறீர்கள்? டியூஷன் ஃபீஸா, ஸ்மார்ட் கிளாஸா? அந்த இரண்டு வரியில் என்ன கேட்டிருக்கிறேன் என்று உங்களில் ஒருவருக்குக்கூடவா புரியவில்லை? புரிந்ததால்தானே திருத்த முடிந்தது!

சற்றே குரல் உயர்ந்துவிட்டது. பொறுத்தருள வேண்டும். தாங்கள் எங்கே, நான் எங்கே.

ஒன்று மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் நுழைவாயில் பலகையில் ‘வரவேற்க்கிறோம்’ என்று ஐந்து வருடமாக இருக்கிறது. ‘ற்’ வந்த பிறகு அங்கே இன்னொரு ‘க்’குக்கு இடமே கிடையாது. தினமும் காலை எட்டு நாற்பதுக்கு அதன் கீழேதான் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். என் கைப்பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா இருக்கும். ஒரு நாளும் அதைத் திறந்ததில்லை. யாரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டியதும் இல்லை. உள்ளே வரச் சொல்கிறீர்கள் என்று புரிந்தது, வந்தோம்.

நேற்று ஆபீஸ் ரூமில் கேட்டபோது, ‘வி வில் லுக் இன்டு இட்’ என்றார்கள். பார் போய் இன்டு வந்திருக்கிறது. பெருக்கல் குறியா, தப்புக் குறியா என்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

பாட்டிலின் மூடி வெள்ளை, வார் அறுந்து முடிச்சுப் போட்டது, அடியில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். கடைசியாக வைத்த இடம் கைகழுவும் குழாய்த் திட்டு. ஆயாம்மாவிடம் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தேடிப் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
இம்ப்ரூவ் ஆக வேண்டிய பேரண்ட்