அலுமாரிக்கு எந்தச் சுவர்?

கிளிநொச்சித் தளபாடக் கடையில் நிற்கும் கண்ணாடி மேசைக்குக் குறை சொல்ல முடியாது. ஆள் உயரக் கண்ணாடி, ஆறு லாச்சி, தங்க நிறக் கைபிடி. வீட்டில் அதற்கொரு சுவர் கிடைப்பதுதான் பாடு.

போருக்குப் பின் இந்திய உதவியில் வன்னியில் எழுந்த வீடு 550 சதுர அடி. கொடுத்தது ஐந்தரை இலட்சம் ரூபா. அந்த இடத்துக்குள் அறைகள், விறாந்தை, குசினி. கட்டிலைப் போட்டு, மூலையில் நெல் மூட்டையையும் சாய்த்துவிட்டால், பிறகு கட்டிலில் ஏறியிருந்துதான் லாச்சி இழுக்கலாம்.

2016இல் பெரிதாகப் பேசப்பட்ட 65,000 உருக்கு வீட்டுத் திட்டம் இதைவிடத் தாராளம். ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. தளபாடமும் தொலைக்காட்சியும் கூடவே வருமாம். இந்த வெயிலுக்கு இரும்பு வீடா என்று கேள்வி எழுந்தது. கடைசியில் அந்த 65,000 வீடும் வரவில்லை, தளபாடமும் வரவில்லை.

இனிக் கடைக்கு வருவோம். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை மலிவு, பளபளப்பு. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் பளபளப்புப் பார்த்து வரவில்லை. முதிரை மரம் கறையானுக்கு எளிதில் மசியாது. ஆனால் வன்னிக் காட்டு மரம் வன்னி அறைக்கு வரவும் அனுமதிப்பத்திரம் வேண்டும், பிறகு விலையும் கேட்கவேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் அறையை அளந்து பாருங்கள். நிலத்தில் ஒட்டாமல் காலில் நிற்கும் அலுமாரியாகப் பாருங்கள். காணிப் பத்திரத்தை மேல் லாச்சியில் வையுங்கள்.