ஆள் பிடிக்க வந்தவர் பிடிபட்ட கதை

எங்கள் ஊர் கௌதள்ளி. கொள்ளேகாலத்தில் பஸ் ஏறி, ஹனூரைத் தாண்டி மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மலை வந்துருச்சா?" என்று கேட்டு, கண்டக்டரிடம் திட்டு வாங்குகிற இடம். 1956 அக்டோபர் 31 ராத்திரி சாப்பிட்டுப் படுக்கும்போது நாங்கள் கோயம்புத்தூர் ஜில்லா, மெட்ராஸ் ராஜ்யம். விடிந்து எழுந்தால் மைசூர். 1997-இல் இன்னொரு தரம் தூங்கி எழுந்தோம், சாமராஜநகர் ஜில்லா. ஊர் இருந்த இடத்தை விட்டு ஒரு முழம்கூட நகரவில்லை. எங்களைக் கேட்டுவிட்டா எடுத்துக்கொண்டு போனார்கள் என்றால், அதுவும் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குச் சந்தேகம் தாய்ப்பாலோடு இறங்கும். எங்கள் பெரியப்பாவுக்கு அது ஒரு சங்கடை கூடுதலாகவே இறங்கியிருந்தது. கங்காணிகள் வந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். வெளியூர்க்காரன் எவன் எதைச் சும்மா கொடுத்தாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "சரி, யாரைப் புடிச்சிட்டுப் போக வந்திருக்கான்?" கண் பரிசோதனை முகாம் போட்டால், கண்ணாடி கொடுக்கிற சாக்கில் ஆள் பிடிக்கிறார்கள். கம்பளி தானம் செய்ய வந்தால், அந்தக் கம்பளிக்குள்ளேயே சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். 

அப்பேர்ப்பட்டவர் 1980-ஆம் வருஷத் தொடக்கத்தில், வடை மடித்து வந்த பேப்பரில், முகமது அலி இந்தியாவுக்கு வந்திருக்கும் செய்தியைப் படித்தார். தர்ம காரியத்துக்காக வந்திருக்கிறார், அங்கங்கே காட்சிக்குக் குத்துச்சண்டை போடுவார் என்று எழுதியிருந்தது. பெரியப்பா வடையை வைத்துவிட்டார். அவர் வடையை வைத்தால் விஷயம் பெரிது.

"தர்மமாவது மண்ணாங்கட்டியாவது! அந்த ஆளு போன வருஷமே ரிட்டயர் ஆயிட்டான். இனிமே கம்பெனி ஆரம்பிப்பான். நம்ம பக்கம் முரட்டுப் பசங்களாப் பொறுக்கி அள்ளிட்டுப் போய், அமெரிக்காவுல டிக்கெட் போட்டு அடிவாங்க விடுவான். பாத்துக்கிட்டே இருங்க."

சிரிக்க வேண்டாம். மைசூர்ச் சீமைக்காரனுக்கு இந்த விஷயத்தில் முன் அனுபவம் உண்டு. 1935-இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி என்கிற சினிமாக்காரர் கேமராவும் கூட்டமுமாக மைசூர் வந்து இறங்கினார். யானைப் படம் எடுக்கப் போகிறோம் என்றார்கள். யானைதானே, எடுத்துக்கொள்ளட்டும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். காராபுரத்தில் பிறந்த ஒரு மாவுத்தன் மகன், தகப்பனை இழந்து, மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருந்த பொடியன். பெயர் சாபு. படம் 1937-இல் வெளிவந்தபோது யானைகள் மைசூரில் இருந்தன, பையன் லண்டனில் இருந்தான். அங்கிருந்து ஹாலிவுட். 1944-இல் அமெரிக்கக் குடியுரிமை கொடுத்தார்கள். கையோடு குண்டுவீச்சு விமானத்தின் வால்பக்கத்தில் துப்பாக்கியோடு உட்காரவைத்து யுத்தத்துக்கும் அனுப்பினார்கள். 39 வயசில் அங்கேயே போய்ச் சேர்ந்தார். யானையின் முதுகில் ஏறிய பையன் விமானத்தின் வாலில் போய் முடிந்த கதை இது. படம் எடுக்கத்தான் வந்தேன் என்று எவனாவது சொன்னால், எங்கள் பக்கத்தில் முதலில் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார்கள்.

ஆகவே அலியின் வருகையைப் பெரியப்பாவின் கண்ணாடி வழியாகவே பார்ப்போம்.

முதல் சாட்சியம் டெல்லி. ஜனவரி 27, நேஷனல் ஸ்டேடியம். அலிக்கு எதிரே நின்றவர் கௌர் சிங். ராணுவத்து ஆள், பஞ்சாப் சங்ரூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்போது நம் நாட்டின் ஹெவிவெயிட் சிங்கம். நாலு ரவுண்டு. உலகத்தையே மூன்று தடவை ஜெயித்தவரோடு நாலு ரவுண்டு நின்று, நடந்தே இறங்கினார் மனுஷர். ஆள் பிடிக்கிறவனாக இருந்தால் அங்கேயே சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டியிருக்க வேண்டுமா இல்லையா? அலி கைகுலுக்கினார், சிரித்தார், போய்விட்டார். கௌர் சிங் இங்கேயே இருந்து 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி, மறு வருஷம் பத்மஸ்ரீயும் வாங்கி, கடைசியில் ஊருக்குத் திரும்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டார். பெரியப்பாவின் வழக்கில் முதல் சாட்சியே பிறழ் சாட்சி.

இரண்டாவது சாட்சியம் மெட்ராஸ், நேரு ஸ்டேடியம். இங்கே அலியோடு மோதியவர் ஜிம்மி எல்லிஸ். இவரும் சாதாரண ஆள் இல்லை. இடையில் ஒரு பட்டத்தை வைத்திருந்த முன்னாள் உலக சாம்பியன். ஆனால் இரண்டு பேரும் லூயிவில் என்கிற ஒரே ஊர். சின்ன வயசிலிருந்து கூட்டாளிகள். 1971-இல் நிஜமாகவே மோதி அலி ஜெயித்துக் கணக்கும் தீர்ந்துவிட்டது. இனி இவர்கள் போடுகிற சண்டை, சம்பந்தி வீட்டு விருந்தில் இரண்டு பெரியவர்கள் சாப்பாட்டு பில்லுக்காகக் கையைத் தட்டிவிட்டுக்கொள்வது மாதிரிதான். வடசென்னைக்காரன் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பரம்பரையாக ரோஷத்துக்கு மூக்கை உடைத்துக்கொண்ட ஜனம். அவன் முன்னால் வந்து இப்படிச் செல்லமாகத் தட்டிக்கொண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்ப்பானா? பார்த்தான். ஏனென்றால் தட்டுகிறவர் முகமது அலி. அவர் காலை மாற்றி வைப்பதைப் பார்க்கவே டிக்கெட் காசு செரித்துவிடும்.

மெட்ராஸில் அலியை வரவேற்றவர் எம்.ஜி.ஆர். தொப்பி, கறுப்புக் கண்ணாடி சகிதம் வாத்தியார் ஒரு பக்கம், மலை மாதிரி அலி ஒரு பக்கம். சினிமாவில் ஒரே அடியில் எட்டுப் பேரைப் பறக்கவிட்டவரும், நிஜத்தில் ஒரு ஆளை விழவைக்கப் பதினைந்து ரவுண்டு பாடுபட்டவரும் சந்தித்த சரித்திர நிகழ்ச்சி. யார் யாரிடம் ஆட்டோகிராஃப் கேட்டிருக்க வேண்டும் என்பதில் எங்கள் டீக்கடையில் கடைசிவரை ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

ஆனால் அந்த மாதம் மேடையில் நின்ற இருவரில் நிஜமாக அடிவாங்கிக்கொண்டிருந்தவர் வாத்தியார்தான். ஜனவரியில் நடந்த பார்லிமெண்ட் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 2. பிப்ரவரி 17 அன்று இந்திரா காந்தியின் அரசு அவருடைய ஆட்சியையே கலைத்தது. ரெஃப்ரி பத்து எண்ண ஆரம்பித்தாயிற்று என்று எதிர்க்கட்சிக்காரர்கள் லட்டு வாங்கினார்கள். 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனிடம் கயிற்றில் சாய்ந்து சாய்ந்து அடிவாங்கி, அடித்தவன் களைத்ததும் எழுந்து ஒரே போடு போட்டாரே அலி, அந்த வித்தையை வாத்தியாருக்குக் காதில் ஓதிவிட்டுப் போனாரோ என்னமோ. மே மாதச் சட்டசபைத் தேர்தலில் 129 இடம். ஜூன் 9-ஆம் தேதி மறுபடியும் முதலமைச்சர். லட்டு ஊசிப்போனது.

இதற்குள் அலி இங்கே இல்லை. அவரை ஒருவர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்.

பிடித்தவர் பெயர் ஜிம்மி கார்ட்டர், உத்தியோகம் அமெரிக்க ஜனாதிபதி. 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. ஒரு மாதத்தில் வெளியேறாவிட்டால் மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் புறக்கணிப்போம் என்று ஜனவரி 20-ஆம் தேதி கார்ட்டர் அறிவித்தார். தனியாகப் புறக்கணித்தால் கோபித்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்த மாப்பிள்ளை மாதிரி ஆகிவிடும். கூட நாலு பேர் எழுந்தால்தான் கௌரவம். ஆப்பிரிக்காவில் பேசி ஆள் சேர்க்க வேண்டும். யாரை அனுப்பலாம்? அங்கே குழந்தைக்கும் தெரிந்த அமெரிக்கன் ஒரே ஒருவன். அவன் இப்போது எங்கே? இந்தியாவில், தர்ம காரியத்தில்.

செய்தி போனது. அலி சரி என்றார். விஷயம் தெரிந்ததும் இங்கிருந்த சோவியத் தூதர் அலியைப் பார்த்து, போகாதீர்கள் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். உலகத்தை இரண்டாகப் பங்குபோட்டு அணுகுண்டு அடுக்கிவைத்திருக்கிற இரண்டு வல்லரசுகள், ரிட்டயரான ஒரு குத்துச்சண்டைக்காரருக்காக நம் நாட்டில் வைத்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தன. கடைசியில் அமெரிக்கா இழுத்தது. அலி அரசாங்க விமானத்தில் ஏறினார்.

இதே மனுஷர்தான் 1967-இல், வியட்நாம் யுத்தத்துக்கு ஆள் எடுக்க இதே அரசாங்கம் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று நின்றவர். பட்டத்தைப் பிடுங்கினார்கள், தண்டனை விதித்தார்கள், மூன்று வருஷத்துக்கு மேல் மேடையேற விடவில்லை, அசையவில்லை. 1971-இல் சுப்ரீம் கோர்ட்டே அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. துப்பாக்கியைக் காட்டிக் கூப்பிட்டபோது போகாதவர், மரியாதையாகக் கூப்பிட்டபோது போய்விட்டார். ஆள் பிடிக்கிற கலையில் கங்காணிகள் எப்போதோ கண்டுபிடித்த உண்மை இது. வாஷிங்டனுக்குப் புரியப் பதிமூன்று வருஷம் ஆயிற்று.

முதல் நிறுத்தம் தான்சானியா, தார் எஸ் சலாம். அங்கே ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரே. நாடு முழுக்க அவரை "ம்வாலிமு" என்று கூப்பிடுவார்கள். சுவாஹிலி மொழியில் அதற்கு அர்த்தம், வாத்தியார். ஆக, மெட்ராஸில் ஒரு வாத்தியாரிடம் மாலை வாங்கிக்கொண்டு கிளம்பியவர், சில நாளில் இன்னொரு வாத்தியார் வீட்டு வாசலில் நின்றார். இந்த வாத்தியார் கதவைத் திறக்கவில்லை. நாட்டோடு நாடு பேசவேண்டிய விஷயத்துக்கு ஒரு குத்துச்சண்டைக்காரனை அனுப்புவார்களா என்று அவமானமாக எடுத்துக்கொண்டு, பார்க்கவே மறுத்துவிட்டார். 

பத்திரிகைக்காரர்கள் பார்த்தார்கள். பார்த்து, நாலாபக்கமும் குத்தினார்கள். நீங்கள் வெள்ளை மாளிகையின் பொம்மையா என்று ஒரு கேள்வி. நியூசிலாந்து ரக்பி அணி நிறவெறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடிய கோபத்தில், 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ஸை நாங்கள் கூட்டமாகப் புறக்கணித்தோமே, அப்போது உங்கள் அமெரிக்கா எங்கே போயிருந்தது என்று இன்னொன்று. ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டங்களுக்கு ஆயுதம் கொடுப்பது ரஷ்யாதானே என்று மூன்றாவது. அலிக்கு இவையெல்லாம் புதுசு. மற்றவனாக இருந்தால் எழுதிக் கொடுத்த தாளைத் திரும்பப் படித்திருப்பான். அலி அந்த இடத்திலேயே, இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லையே, என்னைத் தப்பான காரியத்துக்குப் பயன்படுத்துகிறார்களோ என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டார். தூது போனவன் எதிரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நீங்க சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு" என்றால், அனுப்பியவன் முகம் எப்படி இருக்கும்?

அப்புறம் கென்யா, நைஜீரியா, லைபீரியா, செனகல். கென்யா ஏற்கெனவே அமெரிக்கா பக்கம். நனைந்த கோழிக்கு மழை பெய்த மாதிரி. நைஜீரிய ஜனாதிபதியும் பார்க்க மறுத்தார். லைபீரியா மட்டும் மாஸ்கோவுக்குப் போய், தொடக்க விழா அணிவகுப்பில் ஜோராக நடந்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்ததுபோல் விலகிக்கொண்டது. தான்சானியா, நைஜீரியா, செனகல் மூன்றும் போயின, விளையாடின.

தான்சானியா அன்றைக்கு அலி பேச்சைக் கேட்டிருக்கலாம். ஓட்டத்தில் இரண்டு வெள்ளி, அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கங்கள், வாங்கினார்கள், உண்மை. ஆனால் பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி என்று பெரிய ஹாக்கி அணிகளெல்லாம் வராத இடத்தை நிரப்ப, தான்சானியா ஹாக்கி அணியையும் இறக்கினார்கள். முதல் ஆட்டம் இந்தியாவோடு. கேப்டன் நம் மெட்ராஸ் வாசுதேவன் பாஸ்கரன். ஸ்கோர் 18-0. கோல்கீப்பர் பந்தைத் தடுத்ததைவிட வலைக்குள்ளிருந்து எடுத்ததுதான் அதிகம். அங்கே ஆரம்பித்த இந்திய அணி, இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கத்தோடு திரும்பியது. மாஸ்கோவைக் காலியாக்க அலி கிளம்பியது இந்திய மண்ணிலிருந்து. காலியானதில் லாபம் பார்த்ததும் இந்தியாவே.

அலிக்கு என்ன கிடைத்தது? அந்த அக்டோபரில் ஓய்வை முறித்துக்கொண்டு லேரி ஹோம்ஸோடு மோதி, பத்து ரவுண்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் இன்னொரு கூத்து வெளிவந்தது. அவருடைய பெயரை வாடகைக்கு வாங்கி "முகமது அலி புரொபஷனல் ஸ்போர்ட்ஸ்" என்று போர்டு மாட்டி, குத்துச்சண்டை வீரர்களைக் கொத்துக் கொத்தாக ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார் ஹெரால்ட் ஸ்மித் என்கிற புரமோட்டர். அள்ளி வீசிய பணம், வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் கள்ளக்கணக்கு எழுதிச் சுருட்டிய இரண்டு கோடி டாலருக்கும் மேல். அலிக்கு அதில் சம்பந்தமில்லை. போனது அவருடைய பெயர் மட்டும்தான்.

இதையெல்லாம் பின்னாளில் படித்துச் சேர்த்துக்கொண்டு, ஒரு தடவை ஊருக்குப் போனபோது பெரியப்பா முன்னால் உட்கார்ந்தேன். அவருடைய 1980-ஆம் வருஷத் தீர்ப்பு தப்பு என்று நிரூபிப்பதாக உத்தேசம். கௌர் சிங்கைக்கூட அவர் தொடவில்லை பெரியப்பா, அலியைத்தான் கார்ட்டர் இங்கிருந்து தூக்கிக்கொண்டு போனார், அங்கே பொம்மையா என்று கேட்டார்கள், கடைசியில் எவனோ அவர் பெயரையும் தூக்கிக்கொண்டு போனான் என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

வடையைக் கீழே வைத்தார்.

"ஆள் புடிக்கிற சோலின்னு அன்னைக்கே சொன்னனா இல்லையா? எந்த ஆளுன்னுதான் தப்பாப் போச்சு."